நுகம் இறக்கும் வாசல்

கொளத்துமேட்டு எல்லையம்மனுக்குப் புகை ஆகாது. கற்பூரப் புகை ஆகும், சாம்பிராணிப் புகை ஆகும், ஆடி மாதம் முழுக்க ஊரே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சுகிற புகையும் ஆகும். டீசல் புகை மட்டும் ஆகாது. நசரத்பேட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிக் கோயில். பெங்களூர் சாலையில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லாரி கக்குகிற புகையை வருஷம் பூராவும் மூக்கில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள்தான் அம்மன். ஆனால் ஆடி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை தேரில் ஏறிவிட்டால் ஒரு பொட்டுப் புகையையும் பொறுக்க மாட்டாள். அதனால் தேரை இழுக்கும் டிராக்டர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இஞ்சினை அணைக்க வேண்டும். அணைந்து, சத்தமெல்லாம் அடங்கிய பிறகுதான் பூசாரி தட்டில் கற்பூரத்தை வைப்பார்.

இதற்கு ஊரில் நுகம் இறக்குவது என்று பெயர். மாடு பூட்டி இழுத்த காலத்தில் வாசலுக்கு வாசல் மாட்டை அவிழ்த்து, நுகத்தடியைத் தரையில் வைத்துவிட்டு ஆராத்தி காட்டினார்களாம். மாடு போய் டிராக்டர் வந்துவிட்டது. நுகத்தை மட்டும் ஊர் விடவில்லை. சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினால் நுகம் இறங்கிற்று, மறுபடி கிளப்பினால் நுகம் ஏறிற்று. மொத்தம் முப்பத்தொரு வாசல். முப்பத்தொரு தரம் இறக்கி, முப்பத்தொரு தரம் ஏற்ற வேண்டும்.

அந்த நுகம் பஞ்சவர்ணத்தின் புருஷன் செங்கல்வராயனுடையது. அவன் பாட்டன், அப்பன், பிறகு மூத்தவன் என்ற முறையில் அவன். மல்லித் தோட்டம், கீரைத் தோட்டம், கிணறு, களம் என்று இருந்ததையெல்லாம் மனைப்பிரிவுக்காரர்கள் அளந்து கல் நட்டுக்கொண்டு போன பிறகு அவனிடம் மிஞ்சியது ஓட்டு வீடு ஒன்று, சின்ன டிராக்டர் ஒன்று, நுகம் ஒன்று. டிராக்டரில் தண்ணீர் டேங்கரை மாட்டி, தன் பழைய நிலத்தில் எழும்பிய அடுக்குமாடிகளுக்கே தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவான். வாட்ச்மேன் அவனை நிறுத்தி, பேரென்ன, எந்த பிளாக் என்று கேட்டு நோட்டில் எழுதச் சொல்வான். வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் இந்தக் கதி. மிச்சமிருக்கிற ஒரு நாள் அவன் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அந்த ஒரு நாளைப் பற்றி அவன் மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் பேசுவான்.

போன ஆடியில்தான் அது நடந்தது. இருபதாவது வாசலில் இறக்கிய நுகம் ஏறவில்லை. ஸ்டார்ட்டர் என்னவோ நன்றாகத்தான் சுற்றியது. இஞ்சின் நாலு தரம் இருமிவிட்டு வாயை மூடிக்கொண்டது. வண்டி பதினெட்டுக் குதிரைச் சக்தி என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அன்றைக்குப் பதினெட்டுக் குதிரையும் ஒன்றாகப் படுத்துவிட்டன. அம்மன் முக்கால் மணி நேரம் நடுத்தெருவில் வெயில் காய்ந்தாள். முகத்து மஞ்சள் காப்பு இளகி மூக்குத்தி வரை வழிந்தது. செங்கல்வராயனின் தம்பி கஜபதி தெருமுனையில் தன் ஐம்பது குதிரை டிராக்டரை நிறுத்தி வைத்திருந்தான். வண்டி புத்தம் புதுசு. மாலைகூடப் போட்டிருந்தது. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவன் போல.

அன்று ஊர் ஆட்கள் கயிறு கட்டி இழுத்துத் தேரைக் கோயில் சேர்த்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு, எல்லாம் முடிந்து, ஆட்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, டிராக்டர் ஒரே தொடலில் எழுந்து கணகணவென்று ஓடியது. தர்மகர்த்தா செங்கல்வராயனைக் கூப்பிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு வருஷம். அடுத்த ஆடியில் ஒரு வாசல் தவறினாலும் நுகம் தம்பி கைக்குப் போகும்.

அதற்குப் பிறகு அவன் தூங்கின தூக்கத்தைப் பஞ்சவர்ணம் அறிவாள். கனவில் காலால் கிளட்ச் மிதித்து அவளைக் கட்டிலிலிருந்து இரண்டு தரம் தள்ளியிருக்கிறான்.

வண்டியின் வியாதி ஒன்றுதான். இரண்டு மணி நேரம் ஓடிச் சூடேறின பிறகு அணைத்தால் எழாது. ஒரு மணி நேரம் ஆறப் போட்டால் எழும். கரையான்சாவடியில் பட்டறை வைத்திருக்கும் சுலைமான் அதை ஒன்பது மாதம் பார்த்தான். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிச் சுற்றினான். பேட்டரியைத் திறந்து மூடினான். டீசலைப் பீய்ச்சுகிற நாசிலை மாற்றினான். பம்பைப் பிரித்து, அதற்குள்ளிருந்த அத்தனையையும் துணியில் பரப்பி, அந்தத் துணியைத் தெரு வரைக்கும் நீட்டினான். ஒரு நாள் ஸ்பானர் பிடித்த கையோடு நின்றுவிட்டு, வண்டிக்குக் கண் பட்டிருக்கிறது, பூசணிக்காய் உடை என்றான். உடைத்தார்கள்.

விசித்திரம் என்னவென்றால் சுலைமானின் பட்டறையில் வண்டி ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. காலையில் கிளப்பி மத்தியானம் வரை ஓடவிட்டு, கையை வைத்தால் தோல் உரிந்துவிடும் சூட்டில் அணைத்துக் கிளப்பினால் எழும். செங்கல்வராயன் சந்தோஷமாக வீட்டுக்கு ஓட்டி வருவான். மறுநாள் தண்ணீரோடு அடுக்குமாடி வாசலில் நிற்கும், எழாது. வாட்ச்மேன் அதையும் நோட்டில் எழுதிக்கொள்வான்.

ஆடி மூன்றாம் ஞாயிற்றுக்கு எட்டு நாள் இருக்கும்போது அண்ணனூரிலிருந்து உலகநாதன் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் முப்பத்துநாலு வருஷம் இஞ்சின் பார்த்து ரிட்டையர் ஆனவர். கேட்டால் டாங்கியின் வியாதியைத் தும்மலை வைத்தே கண்டுபிடிப்பேன் என்பார், கேட்காவிட்டாலும் சொல்வார். வந்தவர் வண்டியைத் தொடவேயில்லை. ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்து, சுலைமான் வண்டியை எப்படி ஓடவிட்டுப் பார்த்தான் என்று மட்டும் கேட்டார்.

செங்கல்வராயன் சொன்னான். பட்டறையில் எல்லா வண்டிக்கும் ஒரே முறைதான். டேங்கில் டீசல் இருக்கிறதா, அழுக்கா, சுத்தமா என்று யார் பார்ப்பது? உத்தரத்துக் கொக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலில் டீசலை ஊற்றித் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு டியூபை நேராகப் பம்புக்குச் செருகிவிடுவான். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவார்களே, அந்த மாதிரி.

உலகநாதன் வாயெல்லாம் பல்லாக, "அப்பம் ஒம்பது மாசமா அவன் வண்டிய பாக்கல. பாட்டில பாத்திருக்கான். இது தன் சொந்த வயித்துல இருந்து குடிச்சு ஓடட்டும், பாப்போம்" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் விற்காமல் மிஞ்சிய துண்டு நிலத்தில் கல்லு ஏற்றின டிரெய்லரை மாட்டி அதைச் சுற்றச் சுற்ற ஓட்டச் சொன்னார். அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் வேடிக்கைக்குக் கூடினார்கள். கஜபதியின் பெண்டாட்டி ரேகாகூட இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அணைக்கச் சொன்னார். கிளப்பச் சொன்னார். இருமியது, நின்றது. உலகநாதன் நாற்காலியை விட்டு எழுந்தார், அவ்வளவுதான் அவருக்கு வேலை. வண்டியின் இடது பக்கம், மட்கார்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிற டீசல் டேங்கின் மூடியைப் பிடித்துத் திருகினார்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு மூச்சு. ஒரு வருஷமாக யாரோ தண்ணீருக்குள் அமுக்கி வைத்திருந்தவன் தலையைத் தூக்கினாற்போல டேங்க் காற்றை இழுத்தது. கிளப்பு என்றார். கையை எடுப்பதற்குள் எழுந்துகொண்டது.

மூடியைத் திருப்பிக் காட்டினார். டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே போவதற்காக மூடியின் நடுவில் ஒரு ஓட்டை உண்டு, கடுகு அகலத்துக்கு. அதன் மேல் சந்தனம் கல்லாகக் கிடந்தது. ஒரு நாள் சந்தனமா அது? பதினொரு வருஷத்துச் சந்தனம். வெள்ளிக்கு வெள்ளி, பன்னீர் விட்டுக் குழைத்து, குங்குமமும் சேர்த்து வைத்த சந்தனம். வண்டிக்குச் சோறு போகிற வாய் அதுதானே என்று பஞ்சவர்ணம் வண்டி நெற்றிக்கு ஒரு பொட்டு, ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு, மூடிக்கு ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டே வந்திருந்தாள். உலகநாதன் நகத்தால் நெம்பினார். ஐந்து ரூபாய்க் காசு கனத்துக்குப் பெயர்ந்து வந்தது. சூடும் கிடையாது கண்ணும் கிடையாது, காத்து இல்லாம எந்த வயித்துல இருந்தும் எதுவும் இறங்காது, ஆறப் போட்ட நேரத்துல ஓரமாக் காத்து கசிஞ்சு போயிருக்கு, அதான் எழுந்திருக்கு என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பு அண்ணனூர் ஷெட்டில் நிற்கிற ரயிலெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி இருந்தது. வேடிக்கை பார்த்தவர்களும் சிரித்தார்கள். ரேகா குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

கண்டுபிடித்தாயிற்றே என்று செங்கல்வராயனும் சிரித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் வண்டி ஏறும்முன் அதே மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவன்தான் அவன். டீசல் ஊற்ற அதே மூடியை ஆயிரம் தரம் கையால் திருகியவன்தான். ஆனால் சிரிப்பு நடுவில் நிற்கிறவனுக்கு யாரையாவது முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது.

"பதினோரு வர்சமா என் வண்டி மூக்க அட்சி வெச்சிகினு இருந்தவ இவதான்" என்றான். பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். "வண்டிய மட்டுமா. இவ கால வெச்ச நாள்ல இருந்து இந்த ஊடே மூச்சு முட்டிகினுதான் கீது. நெலம் போனது ஏன்னு இப்பதான் தெரியுது." பிறகு அவளைப் பார்த்து, "இனிமே வண்டிகிட்ட வந்த, கைய ஒட்ச்சிடுவேன். வண்டிய பத்தி நீ வாயே தொறக்கக் கூடாது" என்றான்.

நிலத்தை விற்கக் கையெழுத்துப் போட்டவன் அவன். விற்க வேண்டாம் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவள் அவள். அதை அந்தப் பத்துப் பேரும் அறிவார்கள். அறிந்தும் சிரித்தார்கள். கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை அன்று மாலை அவள் துளசிச் செடியின் அடியில் கவிழ்த்தாள்.

எட்டு நாள் அவளும் அவனும் பேசவில்லை. சோறு வைப்பாள், தின்பான். சாவி தேடுவான், அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், சொல்ல மாட்டாள், வண்டியைப் பற்றி வாய் திறக்கக் கூடாதல்லவா. உலகநாதன் விஷயத்தைத் தான் டீ குடித்த கடையிலெல்லாம் சொன்னார். அவர் குடிக்காத கடையே ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் கிடையாது. பஞ்சவர்ணம் ரேஷன் கடை வரிசையில் நின்றால் முன்னால் நிற்கிறவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஆடி மூன்றாம் ஞாயிறு வந்தது. நுகக்காரன் பெண்டாட்டி மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு வண்டிக்கு இடப்பக்கம் நடக்க வேண்டும். நுகம் இறங்கியதும் தேர்ச் சக்கரத்தில் ஒரு வாய் ஊற்ற வேண்டும். அது முறை. அதை மட்டும் அவனால் தடுக்க முடியவில்லை. காலை ஒன்பது மணிக்கு அவன் பரிவட்டம் கட்டி ஏறினான். அவள் சொம்பை ஏந்தி நடந்தாள். தேருக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டையும் கோக்கிற ஒரு பின்னிரும்பு இருந்தது. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் அதுகூட இல்லை.

முதல் வாசலில் இறங்கிய நுகம் பட்டென்று ஏறியது. இரண்டு, ஐந்து, பத்து. செங்கல்வராயனுக்கு நம்பிக்கை வருவதற்குப் பதில் பயம் வந்தது. ஒவ்வொரு வாசலிலும் அணைத்ததும் குதித்து இறங்கி, இடது பக்கம் ஓடி, மாலைகளையும் வேப்பிலையையும் ஒதுக்கி, குனிந்து மூடியைப் பார்த்தான். வண்டிக்குப் பொட்டு வைக்க வருகிற பெண்களை, அம்மாவுக்கு வை, வண்டிக்கு வேணாம் என்று விரட்டினான். பாலூட்டுகிற மாட்டின் மடியைப் பார்க்கிறாற்போல அவன் வாசலுக்கு வாசல் குனிவதைக் கண்டு ஊர் சிரித்தது. தர்மகர்த்தா ஒரு தரம், இன்னாய்யா அடிக்கொரு தரம் அங்க தடவிகினு கீற என்று அதட்டினார்.

இருபதாவது வாசல். போன வருஷம் படுத்த இடம். இறங்கியது, ஏறியது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். பஞ்சவர்ணத்துக்கே நெஞ்சுக்குள் ஒரு கட்டு அவிழ்ந்தது. அவன் திரும்பி அவளைப் பார்ப்பான் என்று நினைத்தாள். அவன் மூடியைப் பார்த்தான்.

இருபத்தேழாவது வாசல் கஜபதியுடையது. சந்துக்குள் முப்பது கஜம் போனால்தான் அவன் வீடு. மூன்று மாடி, கண்ணாடி முகப்பு, பகலில் பார்த்தால் கண்ணுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். மற்ற வீட்டுப் பெண்களெல்லாம் வாசலில் காத்திருந்தார்கள். ரேகா சந்து முனைக்கே தட்டோடு எதிர்கொண்டு வந்தாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி திரும்புவதற்காக நத்தையாக ஊர்ந்தது. ரேகா அம்மனைக் கும்பிட்டாள், பானெட்டுக்கு ஒரு பொட்டு வைத்தாள், பிறகு இடப்பக்கம் வந்து வேப்பிலையை விலக்கி, குனிந்து, மூன்று விரல் சந்தனத்தை அள்ளி மூடியில் அப்பினாள்.

"வண்டி துன்ற எடத்துலதான் வெக்கணுமாம். அக்கா கண்டுபுட்ச்ச முறையாச்சே" என்றாள், மஞ்சள் விரலை எல்லோரும் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு. கூட்டம் கொல்லென்றது.

சீட்டில் இருந்த செங்கல்வராயன் அந்த விரலைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. மூடி அவன் இடத்திலிருந்து தெரியாது. அம்மனுக்கு முன்னால் வைத்த சந்தனத்தை வண்டியை நிறுத்தித் துடைக்கவும் முடியாது. ஓட்டை அடைத்தாலும் இரண்டு மணி நேரம் ஓடும் என்று உலகநாதன் சொல்லியிருந்தார், அது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தால்தானே.

பஞ்சவர்ணம் மூடியை ஒட்டி நடந்துகொண்டிருந்தாள். என்ன நினைத்தாள் என்று அவளைக் கேட்டால் ஒன்றும் நினைக்கவில்லை என்றுதான் சொல்வாள். சொம்பை இடக்கைக்கு மாற்றினாள். ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கை உருவி, சந்தனத்தை வழித்தெறிந்து, ஓட்டையில் ஊக்கை விட்டு இரண்டு சுழற்றுச் சுழற்றினாள். போதாதென்று மூடியையும் அரைத் திருகு தளர்த்திவிட்டாள். இனி அந்த டேங்குக்குள் காற்றுப் போகாமல் தடுக்க வேண்டுமானால் எல்லையம்மனே தேரை விட்டிறங்கி வந்து அதன் மேல் உட்கார்ந்தால்தான் உண்டு. நாலு எட்டு நடப்பதற்குள் முடிந்த வேலை. யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கண்ணாடி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி வாசலுக்கு வந்து நின்றது. கஜபதி வெள்ளை வேட்டி, கையில் தேங்காய், நேராக இடது மட்கார்டு ஓரமாக வந்து நின்றான். அண்ணன் இறங்கினால் அவன் காலடியில்தான் இறங்கிக் குனிய வேண்டும்.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பூசாரி தேரின் மேலிருந்து, நுகம் இறக்குப்பா என்றார். செங்கல்வராயன் சாவியின் மேல் கையை வைத்தான். எடுத்தான். பூசாரி மறுபடி சொன்னார். தர்மகர்த்தா முன்னால் வந்து நின்று சொன்னார். மட்கார்டு ஓரத்தில் நிற்கிற கஜபதியைத்தான் செங்கல்வராயன் பார்த்தான்.

அப்போது அவன் தலையைத் திருப்பிப் பஞ்சவர்ணத்தைப் பார்த்தான். எட்டு நாளில் முதல் தரம். வாய் திறக்கவில்லை. புருவத்தை மட்டும் ஒரு மயிரிழை தூக்கினான். இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு அது எந்தக் கேள்வி என்று தெரியாதா? அணைக்கலாமா? அவள் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தால் போதும், அணைப்பான். இஞ்சின் எழும். நாலு வாசல் தாண்டினால் கோயில். நுகம் அவன் ஆயுசுக்கும் அவனிடம்தான்.

அவளுக்குப் பின்னாலிருந்த ரேகா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு பஞ்சவர்ணத்தின் பிடரியில் விழுந்தது. புருவத்தால் கேட்கிறானே என்று தோன்றிற்று அவளுக்கு. ஏசும்போது பத்துப் பேருக்குக் கேட்க ஏசினான். கேட்கும்போது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாமல் கேட்கிறான். வாயைத் திறந்து கேள். மூடியைப் பாத்தியா பஞ்சவர்ணம் என்று இந்தத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு தரம் கேள். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்றும் காட்டவில்லை, இல்லை என்றும் காட்டவில்லை. சுவர் பார்க்கிறாற்போலப் பார்த்தாள். சொம்பில் மஞ்சள் தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவன் கண்ணை எடுத்தான். கியரைப் போட்டான்.

தேர் குலுங்கியது. பூசாரி கற்பூரம் வைக்காத தட்டோடு தூணைப் பிடித்துக்கொண்டார். வண்டி கஜபதி வீட்டு வாசலைத் தாண்டியது. அம்மன் அந்த வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். ரேகாவின் சிரிப்பு நின்றது. இவ்வளவு பெரிதாக அவளும் எதிர்பார்த்திருக்க மாட்டாள். கஜபதி தேங்காயை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அண்ணாத்தே" என்றான், நிதானமாக. "அம்மாவ எங்கூட்டு வாசல்ல நிறுத்தாம இட்டுனு போற. நல்லா கீது. போ."

மிச்ச நாலு வாசலில் யாரும் தட்டெடுத்து வரவில்லை. தர்மகர்த்தா நடந்துகொண்டே நாலு பெரியவர்களிடம் பேசினார். கோயில் வாசலில் தேர் நிலைக்கு வந்த அடுத்த நிமிஷம் முடிவு சொல்லியாயிற்று. வண்டி நின்றிருந்தாலாவது மிஷின் கோளாறு என்று மன்னிக்கலாம், அம்மனை நிறுத்தாமல் வாசலை மிதித்துக்கொண்டு போனதை மன்னிக்க முடியாது, அடுத்த ஆடியிலிருந்து இளையவன் என்றார். செங்கல்வராயன் தலையாட்டினான். பரிவட்டத்தை அவனே அவிழ்த்துக் கொடுத்தான். வியர்வையில் ஊறிய முடிச்சு சிக்கிக்கொண்டு, அதை அவிழ்க்கவே வெகுநேரம் ஆயிற்று. யாரும் உதவிக்குப் போகவில்லை.

பிறகு தேரைக் கழற்ற வேண்டும். பின்னிரும்பை உருவுவதற்கு இஞ்சினை அணைத்தாக வேண்டும். அணைத்தான். ஆறு மணி நேரம் ஓடின இஞ்சின். பானெட்டின் மேல் தோசை வார்க்கலாம். பின்னை உருவிவிட்டு, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று தோள் கொடுக்க ஆளைத் தேடினான். யாரும் வராததால் சும்மா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

முழுசாகக்கூடத் திருப்பவில்லை. எழுந்துகொண்டது.

கோயில் வாசலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். அவன் இறங்கி வந்து குனிந்தான். இப்போது அவன் குனிந்ததைக் கண்டு யாரும் சிரிக்கவில்லை. மூடி அரைத் திருகு தளர்ந்திருந்தது. வழித்த சந்தனத்தின் மஞ்சள் கோடு. நடுவில் கடுகளவு கறுப்பு, பளிச்சென்று.

வீட்டுக்கு அவன் ஓட்டிக்கொண்டு வந்தான், அவள் பின்னால் நடந்து வந்தாள். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் வரும்வரை படியிலேயே நின்றான்.

"நீயா தொறந்த?"

"ஆமா."

"எப்போ?"

"அவ வெச்ச கையோட."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல."

"நீ கேக்கலியே."

"பாத்தேனே."

"பாத்த" என்றாள். சொம்பைப் படியில் வைத்தாள். "வண்டிய பத்தி வாயே தொறக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன. நான் தொறக்கல."

அடிப்பான் என்று நினைத்தாள். அடித்திருந்தால் அவளுக்கு ஒரு வழியாக இருந்திருக்கும். அவன் போய் வண்டியில் ஏறினான். அணைத்தான், கிளப்பினான், எழுந்தது. அணைத்தான், கிளப்பினான், எழுந்தது. எழுந்து ஒரு மூச்சு விடுவதற்குள் அணைத்தான். ஆடி வெயில் சாய்கிற நேரம். பண்டிகைச் சோறு தின்றுவிட்டுப் படுத்திருந்த தெரு முழுக்க எழுந்து வாசலுக்கு வந்தது. ஆயிரம் தரம் இருக்கும். பஞ்சவர்ணம் அடுப்பங்கரையில் கூழ்ப் பானையின் முன்னால் துடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முதலில் அவன் தன்னைத் தண்டிக்கிறான் என்று நினைத்தாள். பிறகு, அவளைத் தண்டிக்கிறான் என்று. வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது, அவன் யாரையும் தண்டிக்கவில்லை. அது ஒரு தரம், ஒரே ஒரு தரம், எழாமல் போக வேண்டும் என்று பார்க்கிறான்.

கடைசியில் போயிற்று. ஓடவிடாமல் கிளப்பிக் கிளப்பியே பேட்டரி காலியாகி, டொக் என்றது. இன்னொரு டொக். அதற்கும் பிறகு அதுவும் இல்லை.

அவன் உள்ளே வந்தான். சட்டை பிழிந்தாற்போல நனைந்திருந்தது. முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு.

"நின்னுடுச்சி" என்றான். "பாத்தியா. நான் அணைச்சிருந்தா அங்கயே நின்னுட்டிருக்கும். அவன் ஊட்டு வாசல்லயே."

டொக் என்றால் பேட்டரி, இருமினால் டீசல். இந்த ஒரு வருஷத்தில் அது அவளுக்கே அத்துப்படி. அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளிடம் கேட்டுவிட்டு நின்றான், இந்தத் தரம் வாயால்.

"ஆமா" என்றாள் பஞ்சவர்ணம். "நின்னுட்டிருக்கும்."

கூழை மொண்டு அவன் முன்னால் வைத்தாள். அவன் உட்கார்ந்து குடித்தான்.